வைஃபை முன்னுரிமை: நெரிசல் காற்றிலா, கம்பியிலா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் சொன்ன வேகம் அப்படியே வருகிறது. ஆனாலும் காலை மீட்டிங்கில் நாம் பேசத் தொடங்கியதும் குரல் விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த அறையில் ஒருவருடைய போன், முந்தைய நாள் கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களை எல்லாம் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 'கியூஓஎஸ்' (எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) என்று ஒரு பொத்தான் கண்ணில் படும். அதை ஆன் செய்து சேமித்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்போம். பெரும்பாலும் ஒன்றும் மாறாது. சில நேரம் முன்பிருந்ததைவிட மோசமாகும்.

பொத்தான் மேல் தப்பில்லை. இணையத்தில் தரவு 'பாக்கெட்' என்ற சின்னத் துண்டுகளாகப் போகிறது. வீட்டில் இரண்டு வெவ்வேறு இடங்களில் அவை வரிசையில் நிற்கின்றன. ஒன்று, வீட்டிலிருந்து இணைய நிறுவனத்துக்குப் போகும் கம்பியின் வாசலில். இன்னொன்று, ஆக்சஸ் பாயின்டுக்கும் (வைஃபை அலையை அனுப்பும் பகுதி; வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும்) நம் போன், லேப்டாப்புகளுக்கும் நடுவே காற்றில். இரண்டுக்கும் விதிகள் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பலன் இருக்காது. முன்னுரிமை அமைக்கும் வேலையில் பாதி, நம் வீட்டு நெரிசல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான்.

முதலில் ஒரு கணக்கு. தொலைபேசித் துறையில் பல்லாண்டுகளாக இருக்கும் ஜி.711 என்ற முறையில் குரலை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 64 கிலோபிட் குரல், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50 பாக்கெட். தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் ஒரு பாக்கெட் 200 பைட். மொத்தம் 80 கிலோபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைய செயலிகள் இதையும்விடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, குரல் உடைவதற்கு வேகம் போதாதது காரணமாக இருக்கவே முடியாது. அந்தச் சின்னப் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது, அப்புறம் இருவரும் சேர்ந்து நிறுத்துவது என்று பேச்சு தடுமாறும்.

கம்பி வாசலில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிதாகும்? அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைப்போம். மோடத்துக்குள் 1 மெகாபைட் அளவுக்குப் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம் இருக்கிறது. வீடியோ ஏற்றும் போன் அந்த இடத்தை நிரப்பிவிடும். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வழியில் அது வெளியேற 0.8 நொடி ஆகும். நம் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. 150 மில்லிசெகண்டு எங்கே, 800 எங்கே! 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் நிபுணர் தன் வீட்டு இணைப்பில் இதே நிலையைக் கவனித்து, துருவித் துருவி ஆராய்ந்தார். 'பஃபர்புளோட்' என்ற பெயரும் அதையொட்டித்தான் பரவியது. பாக்கெட் தொலையக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு பெரிதாக்கிய சேமிப்பிடமே தாமதத்துக்குக் காரணமாகிவிட்டது.

நம் வீட்டில் நெரிசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பது எளிது. லேப்டாப்பில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் வெளியே உள்ள 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடட்டும். இன்னொன்றில் வீட்டு ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் ஓடட்டும். யாரும் எதுவும் செய்யாதபோது முதல் சாளரத்தில் 10 மில்லிசெகண்டும் இரண்டாவதில் 2, 3 மில்லிசெகண்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேறொரு போனில் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். வெளிப் பிங் 300, 500 என்று ஏறுகிறது, ரவுட்டர் பிங் அப்படியே இருக்கிறது என்றால் நெரிசல் கம்பியில். ரவுட்டர் பிங்கும் சேர்ந்து 80, 200 என்று துள்ளினால் நெரிசல் காற்றில். மலிவான சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதையே கடைசி வேலையாக வைத்திருக்கும். அதனால் ஓரிரு உயர்ந்த எண்களைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். தொடர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி இதையே மறுபடி செய்தால் சந்தேகம் முழுதும் தீர்ந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் மாட்டுவது கம்பிதான். அங்கே செய்ய வேண்டியதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை. சிக்னலில் நிற்கும் காவலர் ஆம்புலன்சுக்கு வழிவிடலாம். ஆனால் நெரிசல் அடுத்த பாலத்தில் என்றால் அவர் வழிவிட்டு என்ன பயன்? அதனால் நெரிசலையே நம் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்லோடு உண்மையில் 10 எம்பிபிஎஸ் வருகிறது என்றால், நம் ரவுட்டரிடம் 9-தான் என்று சொல்லிவிடுகிறோம். மோடத்தின் சேமிப்பிடம் நிரம்புவதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது. வரிசை நம் ரவுட்டருக்குள் உருவாகிறது. அங்கே யார் முன்னால் போக வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறோமே என்று பலர் தயங்குகிறார்கள். இழந்த அந்த ஒரு எம்பிபிஎஸ்ஸை யாரும் உணரப் போவதில்லை. அரை நொடித் தாமதம் போனதை வீட்டில் எல்லோரும் உணர்வார்கள்.

நம் ரவுட்டருக்குள் வந்த வரிசையை எப்படி நடத்துவது என்பதில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் 'கோடெல்' என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அது பார்க்கும். காத்திருப்பு தொடர்ந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் நீடித்தால் ஒன்றிரண்டு பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்புபவரை வேகம் குறைக்கச் செய்யும். இதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஒரு அழைப்பு, ஒரு கோப்பு ஏற்றம் போன்ற தனித்தனிப் போக்குவரத்து) தனி வரிசை என்ற யோசனை சேர்ந்து எஃப்க்யூ-கோடெல் வந்தது. 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகப் பதிவானது. அதன் அடுத்த கட்டம் 'கேக்'. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் போட்ட ரவுட்டரில் 'எஸ்க்யூஎம்' என்ற தொகுப்பை நிறுவினால் இவை எல்லாம் கைக்கு வந்துவிடும்.

அமைக்கும்போது கேட்கும் எண்கள் சிலதான். எந்த இடைமுகம் என்று கேட்கும். இணையம் வரும் 'வேன்' (WAN) பக்கத்தைக் கொடுக்க வேண்டும். டவுன்லோடு, அப்லோடு வேகங்களைக் கிலோபிட்டில் கேட்கும். கேபிளில் மாட்டி அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை கொடுங்கள். திட்டத்தின் விளம்பரத்தில் உள்ள எண்ணைக் கொடுக்க வேண்டாம். வழிமுறையாகக் கேக். கடைசியாக, பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) போன்ற இணைப்புகளில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதலாகச் சேரும் பைட்டுகளைக் கேட்கும். தெரியாவிட்டால் கொஞ்சம் அதிகமாகப் போடுவது பாதுகாப்பு. டவுன்லோடு பக்கம் இதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த வரிசை இணைய நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது. வந்து சேர்ந்த பாக்கெட்டுகளில் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புநரை மெதுவாக்குவது மட்டுமே நம்மால் முடியும். இன்னொரு விஷயம், இந்த வேலையை ரவுட்டரின் சிபியு செய்ய வேண்டியிருக்கும். வன்பொருள் வழி முடுக்கத்தை அணைக்க வேண்டி வரும். 300 எம்பிபிஎஸ் திட்டத்தைப் பழைய மலிவு ரவுட்டரில் கேக் வழியாகக் கடத்தப் பார்த்தால் சிபியுவே மூச்சுத் திணறும்.

தனி வரிசை முறையிலேயே குரல் பாக்கெட் தானாக முன்னால் வந்துவிடும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. நொடிக்கு 50 சின்னப் பாக்கெட் அனுப்பும் ஓட்டத்துக்கு வரிசையே சேராது; அது வந்தவுடன் போய்விடும். யார் யார் முக்கியம் என்று விதி எழுதாமலேயே வேலை நடக்கிறது. விதி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கேக்கில் நான்கு அடுக்குப் பிரிவு உண்டு. குரலுக்கான அடுக்கு மொத்த வேகத்தில் கால் பங்கை மீறினால் தன் முன்னுரிமையை இழந்துவிடும். யாரோ ஒருவர் டோரன்டைக் குரல் என்று முத்திரை குத்தி அனுப்பினாலும் வீட்டையே முடக்க முடியாது.

இனி காற்றுக்கு வருவோம். இங்கே விளையாட்டே வேறு.

கம்பியில் வாசலைக் காப்பவர் ஒருவர். காற்றில் அப்படி யாரும் இல்லை. ஆக்சஸ் பாயின்டும் ஒவ்வொரு போனும் காற்று சும்மா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு தற்செயல் எண்ணை மனதில் எடுத்துக்கொண்டு, அது பூஜ்யமாகும் வரை எண்ணிவிட்டுப் பேசத் தொடங்குகின்றன. 2004-ல் வைஃபை அலையன்ஸ் 'டபிள்யூஎம்எம்' என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே 802.11இ என்ற வைஃபை தரம் உறுதியானது. அது இந்த எண்ணும் விளையாட்டில் நான்கு வகுப்புகளை உருவாக்கியது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு போனின் பார்வையில் இதைக் கிட்டத்தில் பார்ப்போம். காற்று அமைதியானதும் குரல் பாக்கெட் 34 மைக்ரோசெகண்டு காத்திருக்கும். அதன் பிறகு 0 முதல் 3 வரை ஓர் எண்ணை எடுக்கும். எண் ஒவ்வொன்றுக்கும் 9 மைக்ரோசெகண்டு. மோசமான நிலையிலும் 61-ல் பேசத் தொடங்கிவிடும். சாதாரணப் பாக்கெட் 43 காத்திருந்து, 0 முதல் 15 வரை எண் எடுக்கும். சராசரியாக 110 ஆகும். பின்னணிப் பாக்கெட்டுக்குத் தொடக்கமே 79. குரல் பெரும்பாலும் முந்திவிடும், ஆனால் எப்போதும் அல்ல. சாதாரணப் பாக்கெட் ஒன்று 0 எடுத்து, குரல் 2 எடுத்தால் சாதாரணம்தான் முதலில் போகும். வைஃபையில் முன்னுரிமை என்பது வெல்லும் வாய்ப்பைக் கூட்டுவது. உத்தரவாதம் எதையும் அது தருவதில்லை.

இதிலிருந்தே ஒரு முக்கியமான எச்சரிக்கை கிடைக்கிறது. எல்லாவற்றையும் குரல் வகுப்பில் தள்ளிவிட்டால் எல்லாம் வேகமாகிவிடுமே என்று தோன்றும். குரல் வகுப்புக்கு இருப்பது 0, 1, 2, 3 என்ற நான்கு எண்கள்தான். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் குரல் வகுப்பில் போட்டியிட்டால், இரண்டும் ஒரே எண்ணை எடுக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே எண் என்றால் மோதல். இரண்டு பாக்கெட்டும் வீண். நான்கைந்து கருவிகள் அப்படிச் செய்தால் காற்று முழுக்க மோதலாகிவிடும். அது போக, பல பாக்கெட்டுகளைக் கட்டாகச் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்புவதுதான் இன்றைய வைஃபையின் வேகத்துக்குக் காரணம். பல வைஃபை டிரைவர்கள் (சிப்பை இயக்கும் மென்பொருள்) குரல் வகுப்பில் அப்படிச் சேர்ப்பதே இல்லை. 'கேமிங் மோடு' என்று ஒரு பொத்தானைத் தட்டியதும் கருவியின் எல்லாப் போக்குவரத்தையும் மேல் வகுப்புக்கு ஏற்றிவிடும் ரவுட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைவாகப் பேசுபவருக்கு மட்டும் கொடுத்தால்தான் முன்னுரிமைக்கு மதிப்பு.

இதற்கு நேர்மாறான தவறு டபிள்யூஎம்எம்மை முழுவதும் அணைப்பது. 802.11என் என்ற வைஃபை தரம் தொடங்கி வந்த உயர் வேகங்கள் எல்லாம் டபிள்யூஎம்எம் இருந்தால்தான் கிடைக்கும். அணைத்தால் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்தப் பொத்தான் ஆனில் இருக்கட்டும், தொட வேண்டாம்.

சரி, ஒரு பாக்கெட் எந்த வகுப்பில் போக வேண்டும் என்று ஆக்சஸ் பாயின்டுக்கு யார் சொல்கிறார்கள்? பாக்கெட்டின் தலைப்பில் டிஎஸ்சிபி என்று ஆறு பிட் இடம் இருக்கிறது. குரலுக்கான வழக்கமான எண் 46. இங்கேதான் பல ஆண்டுகளாகப் பலரைச் சுற்றவிட்ட கோளாறு ஒளிந்திருக்கிறது. 1981-ல் ஐபி நெறிமுறை எழுதியபோது முன்னுரிமைக்கு மூன்று பிட்தான் ஒதுக்கினார்கள். 1998-ல் அது ஆறு பிட் ஆனது. ஆனால் பல ஆக்சஸ் பாயின்டுகள் பழைய வழக்கப்படி மேலே உள்ள மூன்று பிட்டை மட்டும் எடுத்து வைஃபை வகுப்பைத் தீர்மானித்தன. 46-ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட் 101, அதாவது 5. வைஃபை அட்டவணையில் 4, 5 இரண்டும் வீடியோ வகுப்பு. குரலுக்கு 6 அல்லது 7 வேண்டும். எல்லாவற்றையும் சரியாக அமைத்த அலுவலகத்திலும் குரல் பாக்கெட்டுகள் வீடியோ வரிசையில் போய் நின்றது இதனால்தான். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8325 இதைத் திருத்தி 46-ஐ 6-க்கு மாற்றச் சொன்னது. உங்கள் ஆக்சஸ் பாயின்டில் டிஎஸ்சிபி அட்டவணையை மாற்றும் வசதி இருந்தால், முதலில் பார்க்க வேண்டிய வரி 46 எங்கே போகிறது என்பதுதான்.

அட்டவணை சரியாக இருந்தாலும் இந்த எண், அதாவது முத்திரை, வந்து சேர வேண்டுமே. இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டுகளில் வழியிலேயே முத்திரை அழிந்து பூஜ்யமாக வருவது சகஜம். சில இணைப்புகளில் சாதாரணப் பாக்கெட்டுகள்கூட 8 என்ற பின்னணி முத்திரையோடு வரும். அப்போது வீட்டு வைஃபையில் எல்லாமே கடைசி வகுப்பில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் வெளியிலிருந்து வருவதை நம்பாமல், ரவுட்டரிலேயே முத்திரையைக் கழுவிவிட்டு நாமே புதிதாகக் குத்துவது நல்லது. எப்படி அடையாளம் காண்பது? அலுவலகச் செயலிகள் பலவற்றுக்குத் தெரிந்த போர்ட் எண்கள் (ஒரு கணினிக்குள் எந்தச் சேவை என்று காட்டும் கதவு எண்) உண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸை எடுத்துக்கொண்டால் அதன் சர்வர் பக்க யுடிபி (நேரடிக் குரல், வீடியோவுக்கு ஏற்ற அனுப்பும் முறை) போர்ட்டுகளில் 3479 குரலுக்கு, 3480 வீடியோவுக்கு, 3481 திரைப் பகிர்வுக்கு. 3479-லிருந்து வரும் யுடிபி பாக்கெட்டுக்கு 46, 3480-க்கு 34 என்று இரண்டு ஃபயர்வால் விதிகள் எழுதினால், ஆக்சஸ் பாயின்ட் அவற்றைக் குரல், வீடியோ வரிசைகளில் சேர்க்கும்.

இது ஆக்சஸ் பாயின்டிலிருந்து நம்மை நோக்கி வரும் திசைக்கு. நாம் பேசுவது போகும் திசையை ஆக்சஸ் பாயின்ட் தீர்மானிக்க முடியாது. எந்த வகுப்புக்கு எத்தனை எண் என்ற விதியை அது அறிவிக்கும், அவ்வளவுதான். எந்தப் பாக்கெட் எந்த வகுப்பு என்பது லேப்டாப்பின் முடிவு. விண்டோஸில் குழுக் கொள்கை (நிறுவனக் கணினிகளுக்கு விதி வகுக்கும் வசதி) வழியாக நிர்வாகி அமைத்துக்கொடுத்தால் செயலிவாரியாக முத்திரை விழும். அமைக்காத லேப்டாப்பில் குரலும் கோப்பும் ஒரே வகுப்பில் போகும். வீட்டு ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் இந்த அரைப்பாதி நம் கையில் இல்லை.

கடைசியாக, முன்னுரிமையை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு விஷயம்: காற்று நேரம். 1500 பைட் பாக்கெட் ஒன்றை 300 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 40 மைக்ரோசெகண்டு போதும். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும் போன் 6 எம்பிபிஎஸ்ஸில் பேசினால் அதே பாக்கெட்டுக்கு 2000 மைக்ரோசெகண்டு, அதாவது ஐம்பது மடங்கு. பழைய முறையில் இருவருக்கும் பாக்கெட் எண்ணிக்கையில் சம வாய்ப்பு. அதனால் அந்த ஒரே போன் காற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். இதை 2003-லேயே பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள். 2017-ல் டோக்கே ஹோய்லாண்ட்-யோர்கன்சன் குழு, பாக்கெட்டைப் பங்கிடாமல் நேரத்தைப் பங்கிடும் ஏற்பாட்டை லினக்ஸுக்கு எழுதிக் காட்டியது. ஓபன்டபிள்யூஆர்டி ஆதரிக்கும் பல சிப்புகளில் அது இன்று வேலை செய்கிறது. புதிய ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று எண்ணுவதைவிட இந்த வசதி இருக்கிறதா என்று விசாரிப்பது மேல்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு வைஃபை பெயரும் சுமார் 102 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த அறிவிப்பு வழக்கமாக 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும். 250 பைட் அறிவிப்புக்கு 2 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரு பெயருக்குக் காற்று நேரத்தில் 2 சதவீதம். ஒரே சேனலில் அக்கம்பக்கத்துப் பெயர்கள் பத்து இருந்தால், யாரும் எதுவும் பார்க்காதபோதே ஐந்தில் ஒரு பங்கு காற்று போய்விடும். அங்கே எந்த வகுப்பு முன்னுரிமையும் எடுபடாது. டிவியையும் மேசைக் கணினியையும் கேபிளுக்கு மாற்றுவது, மீட்டிங் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் வைப்பது, பின்கட்டுக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவது ஆகிய மூன்றும் எந்த மென்பொருள் அமைப்பைவிடவும் அதிகப் பலன் தரும்.

வைஃபை 6 இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றுகிறது. அதில் ஆக்சஸ் பாயின்டே ஒரு சேனலைச் சின்னத் துண்டுகளாக்கி, 'நீ இந்தத் துண்டில் இப்போது பேசு' என்று பல போன்களுக்கு ஒரே நேரத்தில் இடம் ஒதுக்கலாம். குரல் போன்ற சின்னப் பாக்கெட்டுகளுக்கு ஏற்ற ஏற்பாடு. இரு பக்கமும் வைஃபை 6 இருக்க வேண்டும், ஆக்சஸ் பாயின்டின் மென்பொருளும் அதை உருப்படியாகச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. லேப்டாப் தான் அனுப்பும் வகுப்பிலேயே திரும்பி வருவதையும் அனுப்பச் சொல்லி ஆக்சஸ் பாயின்டைக் கேட்கும் வசதியும் தரத்தில் வந்துவிட்டது. அது பரவலானால் போர்ட் எண் பார்த்து விதி எழுதும் வேலை குறையும்.

எல்லாம் அமைத்த பிறகு அதே இரட்டைப் பிங் சோதனையை இரவு எட்டு ஒன்பது மணிக்கு, அக்கம்பக்கத்தில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்லோடு நடக்கும்போது வெளிப் பிங் சும்மா இருந்த நேரத்தைவிட 20, 30 மில்லிசெகண்டுக்குள் ஏறினால் போதும். அதற்கு மேல் போனால் எஸ்க்யூஎம் எண்ணை 5 சதவீதம் குறைத்து மறுபடி பாருங்கள். திட்டத்தை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்திய அன்றே அந்த எண்ணையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் பழைய 90 எம்பிபிஎஸ்ஸிலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.